நகைச்சுவையா, அவமதிப்பா? ஐதராபாத் நிகழ்ச்சி உணர்த்தும் கருத்துச் சுதந்திரத்தின் எல்லைகள்

ஐதராபாத்: மேடை நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபரூக்கியின் நிகழ்ச்சி 2022 ஆகஸ்ட் 20 அன்று ஐதராபாத் மாதாபூரில் உள்ள சில்பகலா வேதிகா அரங்கில் பலத்த போலீஸ் பாதுகாப்புடன் நடந்து முடிந்தது. நிகழ்ச்சியில் அசம்பாவிதம் ஏதும் இல்லை. ஆனால் அடுத்த சில நாள்களில் எம்எல்ஏ ஒருவர் இரு முறை கைது செய்யப்பட்டார்; பழைய நகரப் பகுதியில் போராட்டங்கள் வெடித்தன; வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது.

பிறர் மனம் புண்படும் பேச்சை யார் தடுக்கலாம், எப்போது தடுக்கலாம் என்ற கேள்விக்கு அந்த ஒரு வார நிகழ்வுகள் இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகின்றன. அன்று நடந்தது என்ன, சட்டம் என்ன சொல்கிறது என்பதன் விளக்கம் இது.

இந்தூரில் தொடங்கிய சர்ச்சை

குஜராத்தைச் சேர்ந்த ஃபரூக்கி, மத்தியப் பிரதேச மாநிலம் இந்தூரில் 2021 ஜனவரி 1 அன்று கைது செய்யப்பட்டார். இந்துக் கடவுள்களை இழிவுபடுத்தியதாக பாஜக பெண் எம்எல்ஏ ஒருவரின் மகன் அளித்த புகாரின் பேரில் அவர் மீதும் வேறு சிலர் மீதும் வழக்குப் பதிவானது. அன்றைய நிகழ்ச்சி பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

அவருக்கு ஜாமீன் வழங்க மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் ஜனவரி 28 அன்று மறுத்துவிட்டது. பிப்ரவரி 5 அன்று உச்சநீதிமன்றம் இடைக்கால ஜாமீன் வழங்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி கைது நடைமுறை பின்பற்றப்படவில்லை என்ற வாதத்தை நீதிபதிகள் ஆர்.எஃப். நாரிமன், பி.ஆர். கவாய் ஆகியோர் கருத்தில் கொண்டனர். ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்த பிறகே அவர் வெளியே வந்தார்.

அதன் பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. பல நகரங்களில் அவரது நிகழ்ச்சிகள் ரத்தாயின. 2021 நவம்பர் 28 அன்று பெங்களூருவில் நடக்கவிருந்த நிகழ்ச்சி, சட்டம் ஒழுங்குப் பிரச்னையைக் காரணம் காட்டிக் காவல்துறை கேட்டுக்கொண்டதால் கைவிடப்பட்டது.

ஐதராபாத்தில் நடந்தது என்ன?

இந்தச் சூழலில், அரசியல் கருத்து வேறுபாட்டுக்காகக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளைத் தெலங்கானா அரசு ரத்து செய்யாது என்று அப்போதைய அமைச்சர் கே.டி. ராமா ராவ் 2021 டிசம்பரில் அறிவித்தார். ஐதராபாத்தில் 2022 ஜனவரியில் திட்டமிடப்பட்ட ஃபரூக்கியின் நிகழ்ச்சி நடைபெறவில்லை. ஆகஸ்ட் 20-க்குப் புதிய தேதி குறிக்கப்பட்டதும், கோஷாமஹால் தொகுதியின் பாஜக எம்எல்ஏ டி. ராஜா சிங் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். நிகழ்ச்சி நடந்தால் ஃபரூக்கியைத் தாக்குவோம், அரங்கைக் கொளுத்துவோம் என்று அவர் வெளிப்படையாகவே மிரட்டல் விடுத்தார்.

நிகழ்ச்சிக்குத் தடை விதிக்காத காவல்துறை, முந்தைய நாளே ராஜா சிங்கை முன்னெச்சரிக்கையாகக் காவலில் வைத்தது. அரங்கைச் சுற்றி ஏராளமான போலீஸார் நிறுத்தப்பட்டனர். எதிர்ப்புத் தெரிவிக்கத் திரண்டவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். பார்வையாளர்கள் சோதனைக்குப் பிறகே உள்ளே அனுமதிக்கப்பட்டனர். நிகழ்ச்சி திட்டமிட்டபடி நடந்தது.

அடுத்த சில தினங்களில் ராஜா சிங் காணொலி ஒன்றை வெளியிட்டார். ஃபரூக்கிக்குப் பதிலடி என்று கூறப்பட்ட அதில், நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் கருத்துகள் இருந்ததாகப் புகார்கள் குவிந்தன. நள்ளிரவில் மக்கள் காவல் நிலையங்களை முற்றுகையிட்டனர். ஆகஸ்ட் 23 அன்று ராஜா சிங் கைது செய்யப்பட்டார். அன்றே பாஜக தலைமை அவரைக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்தது.

ஆனால் அன்று மாலையே நீதிமன்றம் அவரை விடுவிக்க உத்தரவிட்டது. கைதுக்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவின்கீழ் நோட்டீஸ் அளிக்கப்படவில்லை என்பது அவரது வழக்கறிஞர்களின் வாதம்.

விடுதலைக்குப் பின் பழைய நகரில் போராட்டங்கள் வலுத்தன. ஆகஸ்ட் 25 அன்று அவர் தெலங்கானாவின் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் மீண்டும் கைது செய்யப்பட்டுச் செர்லபள்ளி சிறையில் அடைக்கப்பட்டார். விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரைக் காவலில் வைக்க இச்சட்டம் இடமளிக்கிறது. நவம்பர் 9 அன்று தெலங்கானா உயர்நீதிமன்றம் அந்தக் காவல் உத்தரவை ரத்து செய்து, நிபந்தனைகளுடன் அவரை விடுவித்தது.

இருவருக்கும் ஒரே பாதுகாப்பு

ஃபரூக்கியும் ராஜா சிங்கும் அரசியலிலும் கருத்திலும் எதிரெதிர் துருவங்கள். ஒருவர் சொன்னது மேடை நகைச்சுவை. மற்றவர் மீது மிரட்டல் விடுத்த புகாரும் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எனினும் இருவருக்கும் நீதிமன்றத்தில் கைகொடுத்தது ஏறத்தாழ ஒரே சட்டப் பாதுகாப்புதான்.

ஏழு ஆண்டுகள் வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது. கைது ஏன் அவசியம் என்பதைக் காவல்துறை பதிவு செய்ய வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகள். எனவே இந்த நெறிமுறை அதற்கும் பொருந்தும்.

பேச்சு தொடர்பான வழக்குகளில் இறுதித் தீர்ப்பு வரப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் கைதும் சிறையும் தண்டனையாகவே மாறிவிடுகின்றன. தனக்குப் பிடித்தவர் கைதாகும்போது மட்டும் இந்தப் பாதுகாப்பைக் கோரி, பிடிக்காதவருக்கு அதை மறுத்தால் பாதுகாப்பு என்ற ஒன்றே இல்லாமல் போகும்.

மனம் புண்படுதல் குற்றமா?

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஏ) பிரிவு பேச்சுரிமையை உறுதி செய்கிறது. அதற்கு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க 19(2) பிரிவு அனுமதிக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவையே அந்தக் காரணங்கள். ஒருவரின் மனம் புண்பட்டது என்பது தனிக் காரணமாக அப்பட்டியலில் இல்லை.

மத உணர்வுகளைப் பொறுத்தவரை, இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு பிரிட்டிஷ் ஆட்சியில் 1927-இல் சேர்க்கப்பட்டது. லாகூரில் வெளியான 'ரங்கீலா ரசூல்' என்ற நையாண்டிப் பிரசுரம் ஏற்படுத்திய கொந்தளிப்பே அதற்குக் காரணம். அப்பிரிவு செல்லும் என்று 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், திட்டமிட்டும் தீய நோக்கத்துடனும் செய்யப்படும் இழிவுபடுத்தலே குற்றம் என்று வரையறுத்தது. கவனக்குறைவாகவோ உள்நோக்கமின்றியோ சொல்லப்பட்டவை அதில் அடங்கா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 299-ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015-ஆம் ஆண்டு ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, விவாதம், ஒரு கருத்துக்காக வாதாடுதல், தூண்டுதல் என மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டியது. எவ்வளவு வெறுக்கத்தக்கதாக இருந்தாலும் முதல் இரண்டும் உரிமையின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. மூன்றாவது நிலையை எட்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம்.

தமிழ்ப் படம் தந்த தீர்ப்பு

வன்முறை நடக்கும் என்று ஒரு தரப்பு மிரட்டினால், அமைதி காக்க அரசு நிகழ்ச்சியை நிறுத்தலாமா? இக்கேள்விக்கான விடை ஒரு தமிழ்த் திரைப்படத்தின் வழக்கிலேயே கிடைத்துவிட்டது.

இடஒதுக்கீட்டை விமர்சிக்கும் 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. படம் வெளியானால் வன்முறை வெடிக்கும் என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. 1989 மார்ச் 30 அன்று அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் மாற்றியது. ஆர்ப்பாட்ட மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது. எதிர்ப்பாளர்களைக் கட்டுப்படுத்த இயலவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்று அது தெளிவுபடுத்தியது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையிலான தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறி போல நேரடியானதாக இருக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் அளவுகோல்.

இந்த அளவுகோலின்படி பார்த்தால், 2022 ஆகஸ்ட் 20 அன்று ஐதராபாத் காவல்துறை செய்தது சட்டம் எதிர்பார்க்கும் கடமையே. ஆனால் அது விதிவிலக்காகவே நின்றது. அதே மாதம் டெல்லியில் ஃபரூக்கியின் நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி மறுக்கப்பட்டது. மும்பையில் 2025 மார்ச்சில் குணால் காம்ரா மகாராஷ்டிர துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைக் கேலி செய்ததாகக் கூறி, நிகழ்ச்சி பதிவான அரங்கைச் சிவசேனா தொண்டர்கள் சூறையாடினர். விழுப்புரம் மாவட்டத்தில் வசிக்கும் காம்ராவுக்கு மார்ச் 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால முன்ஜாமீன் வழங்கியது.

அதே நாளில், எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீதான வழக்கை ரத்து செய்த உச்சநீதிமன்றம், ஒரு பேச்சின் விளைவை உறுதியான மனம் கொண்ட நியாயமான மனிதரின் பார்வையில் அளக்க வேண்டுமே தவிர, எதற்கெடுத்தாலும் அஞ்சுபவரின் பார்வையில் அல்ல என்று கூறியது.

கேலிக்கும் எல்லை உண்டா?

'பொலிட்டிகல் கரெக்ட்னஸ்' எனப்படும் சொற்கட்டுப்பாடு நகைச்சுவையைக் கொன்றுவிடுகிறது என்பது கலைஞர்கள் சிலரின் குறை. நலிந்தவர்களைக் கேலி செய்து சிரிப்பு வரவழைப்பது கலையாகாது என்பது மறுதரப்பின் வாதம். சாதி, நிறம், உடற்குறை, பாலினம் ஆகியவற்றை வைத்து எழுதப்பட்ட பழைய திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள் தமிழகத்திலும் இன்று கேள்விக்குள்ளாகின்றன.

மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்ததாக எழுந்த புகாரில், சமய் ரைனா உள்ளிட்ட நகைச்சுவைக் கலைஞர்கள் தங்கள் தளங்களிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 25 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. நெறிமுறைகளை வகுக்குமாறு மத்திய அரசையும் கேட்டுக்கொண்டது. நலிந்தோரின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. அந்த நெறிமுறைகள் அதிகாரத்தில் உள்ளவர்களைக் கேலியிலிருந்து காக்கும் கேடயமாக மாறிவிடுமோ என்பதே எஞ்சும் கவலை.

ரசனையற்ற கேலிக்குக் கைதட்ட மறுக்கலாம், நுழைவுச்சீட்டு வாங்காமல் இருக்கலாம், கடுமையாக விமர்சிக்கலாம், அமைதியாகப் போராடலாம், வழக்கும் தொடரலாம். இவை அனைத்தும் பார்வையாளரின் உரிமைகள். அரங்கத்துக்குத் தீ வைப்போம் என்று மிரட்டும் உரிமை எவருக்கும் இல்லை.

ராஜா சிங்கின் இடைநீக்கத்தை 2023 அக்டோபரில் பாஜக விலக்கிக்கொண்டது. அவ்வாண்டு சட்டப்பேரவைத் தேர்தலில் கோஷாமஹாலில் அவர் மீண்டும் வென்றார். ஃபரூக்கி 2024 ஜனவரியில் 'பிக் பாஸ்' இந்தி நிகழ்ச்சியின் 17-ஆவது பருவத்தில் பட்டம் வென்றார். ஒருவருக்கு வாக்காளர்களும் மற்றவருக்கு ரசிகர்களும் தீர்ப்பு வழங்கிவிட்டனர். அடுத்த மிரட்டல் வரும்போது காவல்துறை பூட்டப்போவது அரங்கத்தின் கதவையா, மிரட்டுபவரின் வழியையா என்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறுபட்டுக்கொண்டிருக்கிறது.