மாமல்லையில் சதுரங்க விழா

ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு மாமல்லபுரம் என்றதும் பல்லவர் செதுக்கிய கற்றேர்களே நினைவில் எழும். அவ்வூரிலேதான் 2022ஆம் ஆண்டில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தேறியது. மாஸ்கோவில் நிகழவிருந்த போட்டி, உக்ரைனில் போர் மூண்டமையால் இடம் மாறிற்று. நான்கு திங்களுக்குள் பூஞ்சேரியில் அரங்குகளைச் சித்தம் செய்து, 180க்கு மேற்பட்ட நாட்டினரைத் தமிழகம் வரவேற்றது.

மகளிர் பிரிவில், கடைசிச் சுற்றுக்கு முன்வரை முதலிடத்தில் நின்ற இந்திய முதல் அணி, அச்சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தோடு நின்றது. தங்கம் வென்றவர் யார்? உக்ரைன் மகளிரே!

தங்கம் நழுவியதற்கு நாம் வருந்தினோம். எனினும், போரால் அல்லலுற்ற நாட்டு மங்கையர் நம் மண்ணில் வாகை சூடியது கண்டு மகிழ்ந்தோம். விருந்தினர் வென்று மீள்வதும் வீட்டாருக்குப் பெருமையன்றோ!