ஃபோர்க்லிஃப்ட்: பத்து நிமிஷம் பார்த்தா பத்திரம்!



நம்ம தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் போனால், லாரியிலிருந்து சரக்கு இறக்கும் ஒரு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு இருக்குமே, அதுதான் ஃபோர்க்லிஃப்ட். என் மாமா ஒரு குடோனில் அதை ஓட்டுகிறார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கவிழாமல் எப்படித் தூக்குகிறது?
நாம் படித்த நெம்புகோல் தத்துவம்தான். முன்சக்கரம் ஆதாரப்புள்ளி. முன்னால் சரக்கு, பின்னால் கனமான இரும்பு எடை. சரக்கு ஃபோர்க்கின் நுனிக்குப் போகப் போக வண்டி முன்பக்கம் குப்புறச் சாயும். அதனால்தான் வண்டியில் உள்ள தகட்டில் கிலோவோடு தூரமும் (பல வண்டிகளில் 500 மி.மீ.) போட்டிருக்கும்.

தினமும் காலையில் பார்க்க வேண்டியவை
1. டயர்: வெட்டு இருக்கா, காற்று சரியா இருக்கா?
2. ஃபோர்க்: விரிசல், தேய்மானம். தடிமன் 10 சதவீதம் தேய்ந்தாலே மாற்ற வேண்டும். வலு தடிமனின் இருமடியைப் பொறுத்தது. 0.9 × 0.9 = 0.81. அதாவது சுமார் 20 சதவீத வலு போய்விடும்!
3. செயின்: துரு இருக்கக் கூடாது. இரண்டு செயினும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும்.
4. ஹைட்ராலிக் ஆயில்: வண்டி நின்ற தரையைப் பார்த்தாலே ஒழுகல் தெரியும். குழாயைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலையே துளைக்கும்.
5. பிரேக், ஹாரன், சீட் பெல்ட்.
6. லெட்-ஆசிட் பேட்டரி: சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றோட்டம் வேண்டும், நெருப்பு கூடவே கூடாது.

இதற்குப் பத்து நிமிஷம் போதும். ஆனா லாரி வந்து நின்னுட்டா யாரும் பார்ப்பதில்லை. ஒருநாள் காலையில் மாமா பிரேக்கை மிதித்தால் சரியாகப் பிடிக்கவில்லை. "மெதுவா ஓட்டிக்கப்பா" என்றார்களாம். மாமா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் வந்து பார்த்தபோது பிரேக் ஆயில் கசிந்திருந்தது. சரக்கு இறக்க இரண்டு மணி நேரம் தாமதம். "லேட்டானா திட்டுதான் விழும். ஆள் மேல ஏறினா உயிர் போகும்" என்றார் மாமா.

சைக்கிளில் போகும் நமக்கு
★ இந்த வண்டியில் பின்சக்கரம்தான் திரும்பும். வளையும்போது பின்பகுதி வெளியே வீசும். பக்கத்தில் ஒட்டிப் போகாதீர்கள்.
★ சரக்கு மறைப்பதால் ஓட்டுநருக்கு நாம் தெரிய மாட்டோம்.
★ தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே போகக் கூடாது, அதன் மேல் ஏறவும் கூடாது.

1966 மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்டது. அந்த நாளைத் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று பேட்ஜ் குத்தினால் மட்டும் போதுமா? உங்க வீட்டிலும் அப்பாவோ அண்ணனோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால் இன்று சாயங்காலமே கேளுங்கள்: "காலையில வண்டியைப் பார்த்துட்டுதானே எடுத்தீங்க?"

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி