பனங்கட்டி ஏன் இளகுகிறது?



சொந்தக் காணியை விட்டு வந்தவர்களுக்கு, வந்த இடத்தில் நிற்கும் பனையே பல வேளைகளில் முதல் வருமானத்தைத் தருகிறது. ஆனால் நாள் முழுவதும் விறகெரித்துக் காய்ச்சிய பனங்கட்டி குட்டானிலே இளகி ஒழுகினால் வியாபாரி அதனை எடுக்கமாட்டார். காய்ச்சிய பெண்ணின் கைப்பிழை என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பிழை அடுப்பில் நிகழ்வதில்லை. அதற்கு முன்னரே, பாளையில் கட்டிய முட்டியில் நிகழ்ந்துவிடுகிறது.

கருப்பணியின் இனிப்பு பெரும்பாலும் சுக்குரோசு என்னும் வெல்லமாகும். கடைச் சீனியும் இதுவே. குளுக்கோசு, பிரற்றோசு என்னும் இரு எளிய வெல்லங்கள் இணைந்து சுக்குரோசு உண்டாகிறது. இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு விலகுகிறது. அந்த நீர் மீண்டும் புகுந்தால் இணைப்பு அறும். 342 கிராம் சுக்குரோசு 18 கிராம் நீரை ஏற்று, 180 கிராம் குளுக்கோசாகவும் 180 கிராம் பிரற்றோசாகவும் பிரியும். இதனை நீர்ப்பகுப்பு என்பர்.

நீர் மட்டும் இருந்தால் இப்பிரிவு மிக மெதுவாகவே நடக்கும். அதனை விரைவாக்குபவை இரண்டு: மதுவமும் புளிப்பும். காற்றிலும் கழுவாத முட்டியிலும் உள்ள மதுவம் ஒரு நொதியத்தைச் சுரந்து சுக்குரோசைப் பிரிக்கிறது. பிரிந்த வெல்லத்தை உண்டு மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்குகிறது. கருப்பணி கள்ளாவது இப்படித்தான். கூடவே பற்றீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறப் பிரிவும் கூடும். அடுப்புச் சூட்டில் இன்னும் விரையும்.

பிரிந்த வெல்லங்கள் பாகை மணியாக உறையவிடுவதில்லை. பிரற்றோசு காற்றின் ஈரத்தையும் இழுக்கிறது. கட்டி இளகுவதற்குக் காரணம் இதுவே. பிரிந்ததை எவ்வளவு காய்ச்சினாலும் மீண்டும் இணைக்க முடியாது. அந்த வேலையைப் பனை தன் ஓலையில் வெயிலின் சக்தியைக் கொண்டு செய்கிறது. நமது அடுப்பால் அது ஆகாது.

ஆகவே செய்யவேண்டியவை:

1. முட்டியை ஒவ்வொரு முறையும் கொதிநீரால் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

2. உட்புறமெங்கும் சுண்ணாம்பை மெல்லியதாகவும் சமமாகவும் பூசுங்கள். அது அமிலத்தை நடுநிலையாக்கும், மதுவத்தையும் அடக்கும்.

3. மஞ்சள் தடவி உலர்த்திய கடதாசித் துண்டை, இறக்கிய கருப்பணியில் தோய்த்துப் பாருங்கள். சிவந்தால் சுண்ணாம்பு போதும். மஞ்சளாகவே இருந்தால் அந்த முட்டியை நல்லதுடன் கலக்காதீர்கள்.

4. கருப்பணியைத் தெளியவிட்டு, துணியால் வடித்து, தாமதியாது காய்ச்சுங்கள். சுண்ணாம்பு மிகுந்து நின்றால் கட்டி கறுத்துவிடும்.

பல குடும்பங்களின் கருப்பணியை ஒன்றாகச் சேர்த்துக் காய்ச்சும் இடங்களில், ஒருவரின் புளித்த முட்டி எல்லோருடைய பாகையும் கெடுத்துவிடும். எனவே முட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு பூசுவது நமது வருமானத்துக்காக மட்டுமல்ல. அயலவருக்கு நாம் செய்யவேண்டிய கடமையுமாகும்.