பள்ளியின் மதிப்பெண் யாருடையது?

அமெரிக்காவில் வீடு தேடுபவர்கள் விலையையும் அறைகளின் எண்ணிக்கையையும் பார்க்கும்போதே, பக்கத்து அரசுப் பள்ளி பத்துக்கு எத்தனை வாங்கியிருக்கிறது என்றும் பார்த்துவிடுவார்கள். வீடு விற்கும் இணையதளங்களே அந்த எண்ணைப் போட்டுவிடுகின்றன. ஒன்பது வாங்கிய பள்ளி இருக்கும் தெருவில் வீட்டு விலை ஏறும். மூன்று வாங்கிய பள்ளியின் பக்கம் வசதியுள்ள குடும்பங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த எண், ஆசிரியர்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறதா, அல்லது பிள்ளைகள் எந்த மாதிரி வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பதையா?

அறுபது ஆண்டுகளாக அந்த நாட்டில் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், பள்ளிகளில் சமவாய்ப்பு இருக்கிறதா என்று ஆராயச் சொன்னது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு சுமார் 4,000 பள்ளிகளில், ஆறு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் தகவல் திரட்டி 1966இல் அறிக்கை தந்தது. கட்டடம், நூலகம், ஆய்வகம் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகளைவிட, குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தது. கூடப் படிக்கும் பிள்ளைகள் யார் என்பதும் படிப்பைப் பாதித்தது.

2002இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம், 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கச் சொன்னது. 6, 7, 8 வகுப்புகள் கொண்ட நடுநிலைப்பள்ளியில் இதனால் எல்லா வகுப்புக்கும் தேர்வு வந்துவிட்டது. இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் நிலை என்று பிரிவு பிரிவாகத் தேர்ச்சியை வெளியிட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் நிபந்தனை. நல்ல சராசரிக்குப் பின்னால் ஏழைப் பிள்ளைகளின் பின்னடைவு மறைந்துகிடப்பதற்கு இது முடிவு கட்டியது. 2015இல் வந்த புதிய சட்டமும் இந்த நிபந்தனையைக் கைவிடவில்லை.

பிரித்துப் பார்ப்பது ஏன் அவசியம் என்பது ஒரு மாதிரிக் கணக்கில் புரியும். ஒரு வகுப்பில் 100 பேர். வசதியான வீட்டுப் பிள்ளைகள் 60 பேரில் 80 சதவீதம் தேர்ச்சி, அதாவது 48 பேர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் 40 பேரில் 40 சதவீதம், அதாவது 16 பேர். மொத்தத் தேர்ச்சி 64 சதவீதம். சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை தலைகீழாகிறது: வசதியானவர்கள் 40, ஏழைகள் 60. ஆசிரியர்கள் கடுமையாக உழைத்து இரு பிரிவின் தேர்ச்சியையும் ஐந்து ஐந்து புள்ளி உயர்த்துகிறார்கள். 40 பேரில் 85 சதவீதம் என்றால் 34. 60 பேரில் 45 சதவீதம் என்றால் 27. மொத்தம் 61. இரண்டு பிரிவும் முன்னேறியிருக்க, பள்ளி சரிந்துவிட்டது என்றே ஊர் பேசும்.

இதற்கு மாற்றாக ஆய்வாளர்கள் பார்ப்பது வளர்ச்சியை: பிள்ளை எங்கிருந்து தொடங்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் பலரை வியக்க வைத்தது. சிகாகோ அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களின் சராசரி மதிப்பெண்ணும் தேசிய அளவைவிடக் குறைவு. ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், ஐந்து ஆண்டுகளில், அவர்கள் ஆறு ஆண்டுக்கான படிப்பைக் கற்றிருந்தார்கள். தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்தவர்கள் கண்ணில் இது படவே இல்லை.

ஏழை மாணவர் யார் என்று கணக்கெடுப்பதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் நெடுங்காலமாக அதற்கு அளவுகோல் பள்ளி மதிய உணவு. குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம். 185 சதவீதம் வரை சலுகை விலை. 2017இல் நியூயார்க் நகரம் எல்லா அரசுப் பள்ளி மாணவருக்கும் மதிய உணவை இலவசமாக்கியது. பசிக்கு அது பெரிய நன்மை. ஆனால் எல்லாருக்கும் ஒரே தட்டு வந்த பிறகு, அதை வைத்து ஏழைகளை எண்ண முடியாது. வேறு அரசு உதவிப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலம் கற்பவர்கள் என்ற பிரிவிலும் கவனம் வேண்டும். மொழி நன்றாக வந்ததும் பிள்ளை அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்படும். புதிதாகக் குடியேறிய பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அதனால் அந்தப் பிரிவின் சராசரி எப்போதும் தாழ்ந்தே தெரியும்.

மாணவர் கலவையையே மாற்றிப் பார்த்த இடம் ஒன்று உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள 15ஆம் பள்ளி மாவட்டத்தில், பார்க் ஸ்லோப்பின் செல்வந்தக் குடும்பங்களும், ரெட் ஹுக்கின் அரசுக் குடியிருப்புவாசிகளும், சன்செட் பார்க்கின் சீன, லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளும் வாழ்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்வது அரிதாக இருந்தது. நடுநிலைப்பள்ளிகள் முந்தைய மதிப்பெண், வருகைப்பதிவு போன்றவற்றைப் பார்த்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்தன. பத்து வயதுப் பிள்ளையின் வருகைப்பதிவில் பெற்றோரின் வேலை நேரமும் வீட்டு நெருக்கடியும் கலந்திருக்கும் என்பதை அந்த முறை கணக்கில் கொள்ளவில்லை.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் வலியுறுத்திய மாற்றத்தை நகர நிர்வாகம் 2018இல் ஏற்றது. 11 நடுநிலைப்பள்ளிகளில் தேர்ந்தெடுக்கும் முறை ஒழிக்கப்பட்டு, குலுக்கல் வந்தது. வருமானம் குறைந்தவர்கள், ஆங்கிலம் கற்பவர்கள், நிலையான வீடு இல்லாதவர்கள் ஆகியோருக்கு ஒவ்வொரு பள்ளியிலும் 52 சதவீத இடங்களில் முன்னுரிமை. இந்தப் பிரிவினர் ஆறாம் வகுப்பில் 40 முதல் 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற இலக்கை, முதல் ஆண்டான 2019இலேயே எட்டுப் பள்ளிகள் அடைந்தன.

முன்பு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்த பள்ளிகளில், இப்படி ஒரு மாற்றத்துக்குப் பின் சராசரி இறங்கினால் அதில் வியப்பில்லை. முன்பு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இப்போது அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பள்ளிகளை மதிப்பிட நினைக்கும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஒவ்வொரு பிரிவும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் எவ்வளவு முன்னேறியது? பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்கள் எத்தனை பேர்? எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதம் படிக்கும் வாய்ப்பு எந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது?