1452 காட்டும் உண்மை

ஒரு நூலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர்களுக்கு ஒரு டேபிள், இரவலுக்கு ஒரு டேபிள். 412ஆம் எண் உறுப்பினர் புத்தகம் எடுத்ததாக இரவல் டேபிளில் பதியப் போனால், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 1452 என்ற பிழை எண்ணைக் காட்டி மறுக்கிறது. உறுப்பினர் டேபிளைத் திறந்து பார்த்தால் 411 வரைதான் இருக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இங்கே எரிச்சல் வரும். எனக்கோ இந்தப் பிழைமேல் மரியாதை உண்டு. இல்லாத ஆளின் கணக்கில் புத்தகம் போகாமல் அது காப்பாற்றியிருக்கிறது. இரவல் டேபிளில் நிற்கும் உறுப்பினர் எண், உண்மையில் இன்னொரு டேபிளின் சாவி. அதனால்தான் அதற்கு ஃபாரின் கீ, அயற்சாவி என்று பெயர். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது.

1452 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, தாய் டேபிளில், அதாவது இங்கே உறுப்பினர் டேபிளில், அந்த எண் இருக்கிறதா என்பதை. கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றும்போது, உறுப்பினர்களுக்கு முன்பே இரவல்கள் உள்ளே போயிருக்கலாம். வரிசையை மாற்றினால் போதும். இன்னொன்று பலரைச் சுற்றவைப்பது: படிவத்தில் காலியாக விட்ட கட்டம் 0 ஆக வந்து சேரலாம். அந்த நெடுவரிசை வெற்று மதிப்பை (NULL) அனுமதித்தால் அது உள்ளே போகும். 0 போகாது, அந்த எண்ணில் உறுப்பினர் யாரும் இல்லையே!

1451 இதன் மறுபக்கம். புத்தகம் பாக்கி வைத்திருக்கும் உறுப்பினரை அழிக்கப் போனால் வரும். அயற்சாவியில் ஆன் டெலீட் கேஸ்கேட் என்று எழுதிவிட்டால் பிழை வராதுதான். ஆனால் அவருடைய இரவல் கணக்கும் சேர்ந்தே அழிந்துவிடும். நூலகத்துக்கு அது ஆகவே ஆகாது.

சாவியை அமைக்கும்போதே பிழை வந்தால், பெரும்பாலும் நெடுவரிசையின் வகை ஒரு பக்கம் இன்ட், மறுபக்கம் அன்சைன்ட் இன்ட் என்று இருக்கும். மைஎஸ்கியூஎல் 8 இதை 3780 என்ற எண்ணுடன், நெடுவரிசையின் பெயரையும் சொல்லிக் காட்டுகிறது.

அவசரத்தில் ஃபாரின் கீ செக்ஸ் (foreign_key_checks) என்ற அமைப்பை 0 ஆக்கிச் சோதனையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து ஒன்றை நினைவில் வையுங்கள்: அதை மறுபடி 1 ஆக்கும்போது, இடையில் நுழைந்த தவறான வரிகளை மைஎஸ்கியூஎல் திரும்பிப் பார்ப்பதில்லை. அவற்றை நீங்கள்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.