நிவாரணம் யார் பெயரில் வருகிறது?

சம்பாப் பயிர் கதிர் பிடிக்கிற சமயத்தில் வயலில் தண்ணீர் நின்றுவிட்டால், டெல்டா விவசாயி முதலில் கேட்பது ஏக்கருக்கு எவ்வளவு தருவார்கள் என்றுதான். அதற்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டியது, அந்தப் பணம் யார் பெயருக்கு வரும் என்பது. தொகையில் குழப்பமில்லை. பேரிடர் நிவாரண நிதிக்காக 2022-இல் திருத்தப்பட்ட விதிகளில், 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, நீண்டகாலப் பயிருக்கு 22,500 என்று இருக்கிறது. ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான். மாநில அரசு விரும்பினால் தன் பணத்தைச் சேர்த்துக் கூட்டித் தரலாம். நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் ஏழாயிரம்கூட வராது. உழவுக்கும் நடவுக்குமே அது காணாது.

அந்தச் சிறு தொகையும் பாடுபட்டவர் கைக்கு வராமல் போவது எப்படி? தண்ணீர் வடிந்ததும் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வயலைப் பார்க்கின்றன. பார்த்ததைப் புல எண்வாரியாகப் பட்டியலிடும்போது சிட்டாவும் அடங்கலும்தான் பேசும். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். எந்தப் பசலி ஆண்டில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்பதை அடங்கல் சொல்லும். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்து, விதையும் உரமும் கடனுக்கு வாங்கிப் போட்டவரின் பெயர் இரண்டிலும் இல்லாவிட்டால், நட்டம் அவருக்கு, நிவாரணம் நகரத்தில் இருக்கும் பட்டாதாரருக்கு. இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவும், பங்காளிகளின் கூட்டுப் பட்டாவும் சொந்த நிலக்காரரையே இதே இக்கட்டில் மாட்டிவிடுகின்றன.

நிவாரணம் அரசின் கருணைதானே, அதில் உரிமை என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நிவாரணத்துக்கான குறைந்தபட்ச நெறிகளில் வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவியையும் சேர்த்திருக்கிறது. மூழ்கிய வயலில் வாழ்வாதாரத்தை இழந்தவர் அதைப் பயிரிட்டவர்தான். பத்திரம் வைத்திருப்பவருக்கு நிலம் அப்படியே இருக்கிறது. பட்டாவைப் பார்க்காமல் கொடுத்தால் போலிகள் புகுந்துவிடுவார்கள் என்பது அதிகாரிகளின் கவலை. நியாயமானதுதான். ஆனால் தரிசு நிலத்துக்கும் பட்டா உண்டு என்பதால், பட்டா மட்டும் போலியைத் தடுத்துவிடாது. நேரடிக் கணக்கெடுப்பும், பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதும்தான் தடுக்கும். எந்த வயலை யார் உழுதார்கள் என்பது ஊருக்குத் தெரியாத விஷயமல்ல. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போது, நிவாரணத்தில் மட்டும் அவரை அடையாளம் காண முடியாது என்பது எடுபடாது.

நில உரிமையாளரின் அச்சம் இன்னும் வலுவானது. குத்தகைதாரரின் பெயரைப் பதிந்துவிட்டால் 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி நிலத்தைத் திரும்ப வாங்க முடியாமல் போய்விடுமோ என்று தயங்குகிறார். ஆந்திரம் 2019-இல் ஒரு வழி கண்டது: உரிமையாளரின் உரிமையைத் தொடாமல், பயிரிடுபவருக்குப் பதினொரு மாத அட்டை. அதற்கும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பதால் பலருக்குக் கிடைக்கவில்லை, அது உண்மை. அந்தக் குறையை நீக்கி இங்கே கொண்டுவரலாம் என்பதே என் கருத்து.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், பயிரும் பரப்பும் அடங்கலில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குத்தகைதாரர் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்கலாம். குத்தகை கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள். சேதமான வயலைப் புல எண் தெரியும் வகையில் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பட்டியலில் பெயர் விடுபட்டால் வட்டாட்சியரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதைப் பதிவு செய்யுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கிராமத்தின் பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள்: கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.