முந்நூறாண்டு கண்ட வெந்நீர் விடுதி

மார்கழித் திங்களிலே விடியற்புறத்தில் எழுந்து, கிணற்றடியிற் பற்கள் கிட்ட நீராடித் திருவெம்பாவைக்குச் சென்று பழகியவர் நாம். அதே மார்கழியிலே, கூரையெங்கும் வெண்பனி போர்த்த மலையூர் ஒன்றில், ஆவி பறக்கும் வெந்நீரிற் கழுத்தளவு அமிழ்ந்திருக்கும் பேறு சென்ற ஆண்டு விடுமுறையில் எமக்கு வாய்த்தது. யப்பான் தேசத்து வெந்நீரூற்று விடுதி ஒன்றில் இரு இரவுகள் தங்கிய அநுபவத்தையே இங்கு எழுதப் புகுந்தோம்.

தோக்கியோ நகரிலே பொறியியலாளராகப் பணிபுரியும் எமது பழைய மாணவர் ஒருவரே எம்மை அழைத்தவர். “மாடமாளிகைகளைப் படத்திலும் பார்க்கலாம், சேர். நான் உங்களுக்கு ஒரு பழைய வீட்டைக் காட்டப்போகிறேன்” என்றார். உயேனோ நிலையத்திலிருந்து விரைவுப் புகைவண்டியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்று, குன்மா மாகாணத்து நாக்கனோஜோ என்னும் ஊரில் இறங்கினோம். வழியெல்லாம் அவர் முகத்திலே ஒரு வாட்டம் இருந்தது. காரணம் வினவினோம். ஊரிலுள்ள அவருடைய நாற்சார் வீட்டில் இன்று தந்தையார் மாத்திரமே வாழ்கின்றார். மூத்தவர் இருவரும் கடல்கடந்த நாடுகளிலே குடியேறிவிட்டனர். வீட்டை விற்றுவிடலாமென அவர்கள் எழுதியிருக்கின்றனர். இளையவரின் சம்மதம் ஒன்றே எஞ்சியிருக்கின்றது. “நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள், சேர்?” என்றார். உடனே விடை சொல்ல எமக்கு நா எழவில்லை.

நாக்கனோஜோவிலிருந்து பஸ்வண்டி நாற்பது நிமிடம் பள்ளத்தாக்கு வழியே ஏறி, ஷிமா என்னும் வெந்நீரூற்று ஊரை அடைந்தது. நாற்புறமும் மலை, நடுவே தெளிந்த நீலநிறத்தில் ஓடும் ஷிமா ஆறு. ‘ஷி’ என்பது நான்கையும் ‘மா’ என்பது பதினாயிரத்தையும் குறிக்கும். ஆகவே நாற்பதினாயிரம் என்பதே ஊரின் பெயர். 989ஆம் ஆண்டிலே உசுயி சதமித்சு என்னும் வீரன் இம்மலையில் இரவு முழுதும் மறை ஓதிக்கொண்டிருந்தபோது, மலைத் தெய்வம் தோன்றி, நாற்பதினாயிரம் நோய்களையும் தீர்க்கும் நீரை அவனுக்கு அருளியதென்பது ஐதிகம். நோய்களை எண்ணிப் பார்த்தவர் எவருமிலர். ஆயினும் மருத்துவர் அரிதாயிருந்த காலத்திலே, முதுகு நொந்த உழவனுக்கும் முழங்கால் வீங்கிய மூதாட்டிக்கும் இவ்வூற்று எத்துணை நம்பிக்கையாய் இருந்ததென்பதை அப்பெயரே சொல்லுகின்றது.

ஆற்றின் கிளையொன்றின்மீது சிவப்பு வண்ணம் தீட்டிய சிறுபாலம் ஒன்று கிடக்கின்றது. அதற்கு அப்பால், கரிய மரத் தூண்களும் வெளுத்த சுவர்களுமாக நிற்பதே செக்கிசென்கான் விடுதியின் மூத்த கட்டிடம். செக்கி சென்பெய் என்பவர் 1691ஆம் ஆண்டிலே இதனைக் கட்டி, 1694இல் விருந்தினருக்குத் திறந்துவைத்தார். அவர் பெயரின் ஓசையை உள்ளடக்கிய விடுதிப் பெயரோ, எழுத்தின் பொருளால், ‘நன்மையைச் சேர்த்துவைக்கும் இல்லம்’ என்றாகின்றது. யப்பானிலே இதனினும் மூத்த விடுதிகள் உள. யாமனாசி மாகாணத்துக் கெயுன்கான் 705ஆம் ஆண்டிலே தோன்றியது. 2011இல் உலகின் மிகப் பழைய விடுதியெனக் கின்னஸ் ஏட்டிலும் பதிவாயிற்று. ஆயினும் தொடக்க காலத்துக் கட்டிடமே இன்றும் விருந்தினரை ஏற்பது செக்கிசென்கானின் தனிச்சிறப்பு.

மூத்த கட்டிடத்தின் பின்னே, மலைச் சரிவில், 1936இல் எழுந்த மாளிகையும், அதற்கு மேலே 1986இல் எழுந்த புதிய மனையும் நிற்கின்றன. மலையினுட் குடைந்த நடைவழியும் மின்தூக்கியும் மூன்றையும் இணைக்கின்றன. பாட்டனும் தந்தையும் மகனும் ஒரு கூரையின்கீழ் வாழ்வதுபோன்ற காட்சி இது. 2001ஆம் ஆண்டிலே மியாசாக்கி ஹயாவோ இயக்கிய ‘ஸ்பிரிட்டட் அவே’ என்னும் சித்திரப் படத்தை எமது மாணவர் பலர் கண்டிருப்பர். அதில் வரும் தேவர்களின் நீராடு மாளிகைக்கு மாதிரியாய் அமைந்தவற்றுள் இவ்விடுதியும் ஒன்றென மக்கள் பேசிக்கொள்வதால், சிவப்புப் பாலத்திலே நின்று படம் பிடிப்போர் தொகை பெரிது.

வாயிலிற் பாதரட்சையைக் கழற்றினோம். அறையிலே ‘தத்தாமி’ என்னும் தரைவிரிப்பு. வைக்கோலை இறுக்கி, மேலே கோரை வேய்ந்தது. அதன் மணம் எமது பன்பாயை நினைவூட்டியது. விடுதியார் தந்த ‘யூக்காத்தா’ என்னும் பருத்தி அங்கியை அணிந்துகொண்டு கம்பீரமாக வெளியே வந்தோம். கூடத்தில் நின்ற பணிப்பெண் எம்மைக் கண்டு திடுக்கிட்டு, பணிவோடு தலைசாய்த்து, மாணவர் காதில் ஏதோ சொன்னார். வலப்பக்கத்துத் தலைப்பை மேலே வைத்து நாம் கட்டியிருந்தோம். அவ்வாறு உடுத்துவது இறந்தவருக்காம்! உயிரோடிருப்பவர் இடப்பக்கத்தையே மேலே கொணர்தல் வேண்டும். உயிர்பெற்று அறைக்கு மீண்டு, மாற்றிக் கட்டிக்கொண்டோம்.

மூத்த கட்டிடத்தில் தங்குவோருக்கு ஆடம்பர உபசாரமில்லை. பஞ்சணையை அலுமாரியிலிருந்து எடுத்து நாமே விரித்தோம். உணவும் பெரிய கூடத்திலே அடுக்குப் பெட்டியில் வைத்துத் தரப்பட்டது. மாணவர் முன்னரே சொல்லிவைத்திருந்தமையால், எமக்கு மீன் நீக்கிய உணவு கிடைத்தது: சோறு, சோயாக் கட்டி, மலைக்கீரை, ‘கொன்னியாக்கு’ என்னும் கிழங்குப் பண்டம். எமது கரணைக்கு இக்கிழங்கு நெருங்கிய உறவு. யப்பானில் விளையும் கொன்னியாக்கில் மிகப் பெரும்பங்கு குன்மா மண்ணிலேயே விளைகின்றது. சுவை குறைவு, ஆயினும் பசித்தவனுக்கு அது குறையன்று.

இனி நீராட்டம். 1930ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட நீராடு மண்டபத்துக் கதவைத் திறந்தோம். திறந்த கை அப்படியே நின்றுவிட்டது. உயர்ந்த வளைவுச் சாளரங்கள்; அவற்றினூடே பனியின் ஒளி; தரையிலே ஐந்து கல் தொட்டிகள்; அவற்றில் ஆடையின்றி அமர்ந்திருக்கும் ஆடவர் நால்வர். உடைகளையும் இடமும் அதே மண்டபந்தான், மறைப்பு ஏதுமில்லை. பெண்டிருக்கு வேறு மண்டபம் உண்டு. எனினும், வகுப்பறையிலே நிமிர்ந்து நின்று பழகிய எமக்குக் கூச்சத்தாற் கால்கள் பின்வாங்கின. கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலே வேட்டியோடு நின்று வாளியால் மொண்டு ஊற்றியவர்க்கு இஃது ஒரு சோதனையே.

மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தொட்டியை நோக்கி விரைந்தோம். அங்கிருந்த முதியவர் ஒருவர் கையை உயர்த்தித் தடுத்து, சிறு வாளியைச் சுட்டிக்காட்டினார். முதலில் உடலைக் கழுவவேண்டும். பின்னரே பொதுநீரில் இறங்கவேண்டும். தலைத்துண்டையும் நீரில் நனைத்தலாகாது. அழுக்குப் போக்குவதற்கு அத்தொட்டி ஏற்பட்டதன்று; அழுக்கைப் போக்கியவர் இளைப்பாறுவதற்கே ஏற்பட்டது. எமக்குப் பின்னே வருபவருக்கும் அதே நீர் என்பதை நினைக்கும்போதுதான், இவ்விதியின் அழகு விளங்குகின்றது.

மழையும் பனியும் நிலத்தினுள் ஆழ ஊறி, பூமியின் வெப்பத்தாற் காய்ந்து, பாறையிலுள்ள உப்புக்களைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலெழுவதே வெந்நீரூற்று. ஷிமா நீரிலே சோடியம், கல்சியம் ஆகியவற்றின் குளோரைட்டும் சல்பேற்றும் கலந்திருக்கின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டம், ஊற்றுவாயில் 25 பாகை சதமளவுக்குக் குறையாத நீர், அன்றிக் குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றையேனும் வரையறுத்த அளவிற் கொண்ட நீர் என வெந்நீரூற்றுக்கு இலக்கணம் வகுத்திருக்கின்றது. தேசமெங்கும் ஏறக்குறைய 27,000 ஊற்றுவாய்கள் உள. நீராடுவோர் ஒருவரிடம் பெரும்பாலும் 150 யென் வரியாகப் பெறப்பட்டு, ஊற்றுக்களின் பாதுகாப்பு, சுகாதாரம், தீயணைப்பு முதலியவற்றுக்குச் செலவாகின்றது.

சூடு முதலிற் கடித்தது, பின்னர்த் தாலாட்டியது. ஆண்டுக்கணக்காய் எம்மை வருத்திய முழங்கால் நோவு அவ்வேளை எங்கோ மறைந்தது. பேராசை யாரை விட்டது? பத்து நிமிடம் போதும் என்றனர். நாம் அரை மணி நேரம் அமர்ந்து, எழுந்தபோது கண் இருண்டு தலை சுற்றியது. முதியவரே எம் தோளைப் பற்றிப் படியில் இருத்தினார். இரத்த அழுத்தம் உடையோரும் இதய நோயுடையோரும் இவ்விடயத்தில் மிகக் கவனமாயிருத்தல் வேண்டும். நீராடுமுன்னும் பின்னும் நீர் அருந்துவதும் அவசியம்.

அன்றிரவு கூடத்திலே அம்முதியவரோடு மாணவர் வாயிலாக உரையாடினோம். அவர் சிறுவனாயிருந்தபோது, அறுவடை முடிந்ததும் தந்தையார் அரிசியும் பருப்புக் களியும் சுமந்துகொண்டு குடும்பத்தோடு இம்மலைக்கு வருவாராம். ஏழு நாள் ஒரு சுற்று. நோய் கடியதாயின் மூன்று சுற்று. தாமே சமைத்து, தாமே விரித்து, நாளும் நீராடி, அறிமுகமில்லாதவரோடு ஊறுகாய் பகிர்ந்து உண்டு, உடலும் மனமும் தேறி ஊர் திரும்புவராம். ‘தோஜி’ என்பது இவ்வழக்கத்தின் பெயர். 1954இல் மக்கள் நலத்துக்குரிய வெந்நீரூற்று ஊர்களை அரசு முதன்முதலாகத் தெரிந்தபோது, ஷிமாவும் அவற்றுள் ஒன்றாயிற்று. “இப்பொழுது எல்லோரும் ஓர் இரவு தங்கிப் படம் பிடித்துப் போகின்றனர். நானும் மனைவியும் ஏழு நாள் வருவோம். அவள் போனபின் நான் மூன்று நாள் வருகின்றேன்” என்றார் முதியவர். பின் சிறிது நேரம் பேசவில்லை.

அவர் சொல்லாமல் விட்டதை மாணவர் சொன்னார். இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிட, மலையூர்கள் முதியோர் ஊர்களாகின்றன. நடத்துவதற்குப் பிள்ளைகள் இன்றிப் பூட்டப்பட்ட விடுதிகள் யப்பானிலே பல. நீர் ஊறிக்கொண்டேயிருக்கும், விளக்கேற்ற ஆளிராது. அப்படியாயின், இவ்வீடு மாத்திரம் முந்நூறாண்டுக்கு மேல் நின்றதெவ்வாறு? அன்றிரவு நெடுநேரம் இதனையே எண்ணிக் கிடந்தோம். மரம் உறுதியானது; மெய்யே. எனினும் மரம் உளுக்கும், கூரை ஒழுகும். ஆண்டுதோறும் யாரோ ஒருவர் அதனைக் கண்டு, உளுத்ததை மாற்றி, ஒழுகியதை அடைத்திருக்கின்றனர். பழமையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அவர்கள் பூட்டவில்லை. அதிலே உண்டனர், உறங்கினர், விருந்தேற்றனர். வந்தவரும் பாதரட்சை கழற்றி, உடல் கழுவி, தம் பங்குக்கு அதனைக் காத்தனர்.

மறுநாட் காலை, ஆற்றோரமாய் மேல்நோக்கி நடந்து, ஹினத்தாமி என்னுமிடத்து யக்குசி கோயிலைக் கண்டோம். யக்குசி என்பவர் நோய் தீர்க்கும் புத்தர், வடமொழியிலே பைஷஜ்யகுரு. 1598இல் எழுந்த அச்சிறுகோயிலின் கூரை புல்லால் வேய்ந்தது. புல் எத்தனை ஆண்டு தாங்கும்? எத்தனை முறை எத்தனை கைகள் அதனைப் புதுக்கி வேய்ந்தனவோ! மாணவர் அக்கூரையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்து நின்றார்.

மூன்றாம் நாள் விடைபெற்றபோது, விடுதியார் வாயில்வரை வந்து, எமது உருவம் மறையும்வரை வணங்கி நின்றனர். பஸ்வண்டி இரண்டு திருப்பம் கடந்திருக்கும். மாணவர் மெல்ல எம் பக்கம் திரும்பினார்.

“சேர், எங்கள் வீட்டு மேற்குத் தாழ்வாரம் ஒழுகுகிறதாம். நேற்றிரவு அப்பாவோடு கதைத்தேன். ஓடு மாற்றுவதற்கு எவ்வளவு செல்லும்?”

“எனக்குத் தெரியாது, தம்பி. ஊருக்குப் போனதும் தச்சரைக் கூட்டிச்சென்று பார்த்து எழுதுகிறேன். நீர் சித்திரையில் வந்து ஒரு கிழமையாவது அங்கே தங்கும்” என்றோம்.

அவர் தலையசைத்தார். விற்பனை பற்றி நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டி பனி மூடிய மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.